டிரெஸர் பதில்கள்: பகலில் வரும் தூக்கம்

சென்ற மாதம் குறட்டையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தூக்கம் வரவில்லை என்று குறைபடவில்லை; வரக்கூடாத நேரத்தில் வருகிறதே என்றுதான் கவலைப்படுகின்றன. ஆகவே இம்மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். பழைய வாசகர்கள் அறிந்ததுதான், புதியவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் அல்லன், முப்பத்தொரு ஆண்டுகள் தோட்ட மருந்தகங்களில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு நோயை வைத்துக்கொண்டு அன்றாடத்தை எப்படி நகர்த்துவது என்பதைப் பற்றி என்னால் பேச முடியும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: மதிப்பிற்குரிய டிரெஸர் ஐயா, எனக்கு வயது 26. செம்பனை ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பதினாறு வயதிலிருந்தே பகலில் என்னை அறியாமல் தூங்கிவிடுவேன். பள்ளியில் எனக்குக் கும்பகர்ணி என்று பெயர். ஈப்போவில் படித்த காலத்தில், வீடு திரும்பப் பேருந்தில் உட்கார்ந்தால் சுங்கை சிப்புட்டைத் தாண்டிக் கோலகங்சாரில்தான் கண் விழிப்பேன். அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துச் செல்வார். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிவிடுகிறது, கையிலிருக்கும் குவளை நழுவுகிறது. விடியற்காலையில் விழிப்பு வந்தும் கைகால்களை அசைக்க முடியாமல் கிடக்கிறேன். அறைக்குள் யாரோ நிற்பது போலத் தெரிகிறது. அம்மா மூன்று கோவில்களில் மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்றார், இன்னொருவர் இரத்தசோகை என்றார். சென்ற ஆண்டு கோலாலம்பூரில் ஓர் இரவும் மறுநாள் பகலும் வைத்துப் பரிசோதித்த பிறகுதான் நார்கோலெப்சி என்று பெயர் சொன்னார்கள். ஆயுளுக்கும் இருக்கும் என்றும் சொன்னார்கள். மருந்து சாப்பிடுகிறேன், பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதியோடு எப்படி வாழ்வது? அலுவலகத்தில் சொல்லலாமா? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா? மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, முதலில் அந்தப் பட்டப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகர்ணனைக் கேலிக்கு இழுப்பவர்கள், அவன் விழித்திருந்த சிறிது நேரத்தில் அண்ணனின் முகத்துக்கு நேராக நியாயத்தை எடுத்துச் சொன்னவன் என்பதை மறந்துவிடுகிறார்கள். தூங்கும் நேரத்தை வைத்து ஒருவரை எடை போடுவது அன்றும் இன்றும் தவறான கணக்குத்தான்.

உங்களுக்கு ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் வீணாயின. வருத்தம் தரும் செய்தி என்றாலும் வியப்பில்லை. இந்த நோய் உள்ளவர்களில் பலர், முதல் அறிகுறிக்கும் சரியான பெயருக்கும் இடையே பல ஆண்டுகளைத் தொலைத்தவர்கள்தான். நோய் ஒன்றும் புதியதன்று. 1880-ஆம் ஆண்டிலேயே ழெலினோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதற்கு நார்கோலெப்சி என்று பெயரிட்டார். அவரிடம் வந்தவர் மதுப் பீப்பாய் வணிகர். ஒரு நாளில் பல முறை இருந்த இடத்திலேயே தூங்கிவிடுவார், சிரித்தால் கால் தளர்ந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதைப் போலவே. ஆனால் காரணம் தெரிய இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மூளையில் சுரக்கும் ஒரு பொருளைத் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு அதற்கு ஒரெக்சின் என்றும் மற்றொரு குழு ஹைப்போகிரெட்டின் என்றும் பெயர் வைத்ததால் இன்றும் இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. மூளையில் கோடானுகோடி நரம்பணுக்கள் இருந்தாலும், இந்தப் பொருளைச் சுரப்பவை ஏறத்தாழ 70,000 மட்டுமே. சிரித்தால் கால் மடங்கும் வகை நார்கோலெப்சியில் அவற்றுள் பெரும்பகுதி அழிந்துபோகிறது. உடலின் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாக அவற்றைத் தாக்குகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

தோட்ட வாசலில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த லாரி எப்போது உள்ளே வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. அவர் இல்லாவிட்டால் வாசல் திறந்தே கிடக்கும். எது வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் உள்ளே வரும். ஒரெக்சின் செய்வது அந்த ஜாகாவின் வேலை. அது இல்லாததால் தூக்கம் பகலுக்குள் நுழைகிறது, விழிப்பு இரவுக்குள் நுழைகிறது, கனவுக்கு உரியவை கனவை விட்டு வெளியே வருகின்றன. மற்றவர்களுக்குத் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் கனவுத் தூக்கம் உங்களுக்குக் கால் மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைப்பது இயற்கையான ஏற்பாடு. அந்தத் தளர்ச்சி விழிப்பு வந்த பின்னும் நீடித்தால், நம் பாட்டிமார்கள் அமுக்குவான் என்றும் மலாய்க்காரர்கள் ஹந்து திண்டிஹ் என்றும் சொன்ன அனுபவம். அதே தளர்ச்சி பகலில் ஒரு சிரிப்பின் நடுவே வந்தால், முழங்கால் மடங்குகிறது. அறைக்குள் நிற்கும் ஆள் பாதிக் கனவு. இதை அம்மாவுக்கு நிதானமாகச் சொல்லுங்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி அவருடன் வழக்காட வேண்டியதில்லை. கயிறும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். மருந்து பாதி வேலையைத்தான் செய்யும் என்பது பலருடைய அனுபவம். மற்றப் பாதியைச் செய்ய வேண்டியது நேர ஒழுங்கு. தூக்கம் வந்தபின் அதனோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு, அது வருவதற்கு முன் நீங்களே போய்ப் படுத்துவிடுங்கள். பகலில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து அல்லது இருபது நிமிடம், நாள்தோறும் அதே நேரத்தில். மதிய உணவு இடைவேளையில் ஒன்று, மாலை நான்கு மணியளவில் ஒன்று என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். உங்களுக்கு எந்த நேரத்தில் கண் செருகுகிறது என்பதை இரண்டு வாரங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்து, அதற்கு அரை மணி நேரம் முன்னதாகத் தூக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். தூங்குவதை ஒரு தோல்வியாகக் கருதி, இன்று தூங்காமலே சமாளித்துவிட்டேன் என்று பெருமைப்படும் நாளில்தான் மாலையில் கணக்குத் தப்பும். சர்க்கரை நோயாளி ஊசி போட்டுக்கொள்வதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லையே.

இரவிலும் படுக்கும் நேரமும் எழும் நேரமும் மாறக் கூடாது; ஞாயிற்றுக்கிழமையிலும் திருமண வீட்டிலும்கூட. தீபாவளிக்கு முதல் நாள் இரவு முறுக்கு பிழியும் பொறுப்பைத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். மதியத்தில் ஒரு தட்டு நாசி லெமாக்கை முழுதாக முடித்துவிட்டு மூன்று மணிக்குக் கண் திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நோய் இல்லாதவர்களுக்கே கடினம். சோற்றைக் குறைத்து முட்டை, மீன், காய் ஆகியவற்றைக் கூட்டுவது உதவும். இந்த நோய் உடல் எடையையும் ஏற்றிவிடக் கூடியது என்பதால் அதற்கும் இது நல்லது. இரவில் அடிக்கடி விழிப்பு வந்தால் பயப்படாதீர்கள். பகலெல்லாம் தூங்குபவருக்கு இரவில் என்ன குறை என்று வீட்டார் கேட்பார்கள். அதுவும் இதே நோயின் ஒரு பகுதி என்று சொல்லுங்கள்.

சிரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் மடங்கி நீங்கள் சாயும்போது உங்களுக்கு நினைவு தப்புவதில்லை. சுற்றியுள்ளவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும், பதில் சொல்லத்தான் முடியாது. பெரும்பாலும் சில விநாடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்களில் தானே சரியாகிவிடும். நம் ஆட்கள் வலிப்பு என்று எண்ணி ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், வாயைத் திறக்கப் பார்ப்பார்கள். எதுவும் தேவையில்லை. தலை அடிபடாமல் மெதுவாகத் தரையில் இருத்தி, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்பதை வீட்டிலும் அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதற்கு அஞ்சிச் சிலர் சிரிப்பதையே விட்டுவிடுகிறார்கள். வேடிக்கையாக யாராவது பேசத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிறார்கள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அந்த வழிக்குப் போக வேண்டாம். நகைச்சுவையாகப் பேசும் சித்தப்பா வந்தால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், கையிலிருக்கும் தேநீரைக் கீழே வையுங்கள், பிறகு வயிறு குலுங்கச் சிரியுங்கள். இந்தத் தளர்ச்சிக்கென்று தனி மருந்து தந்திருந்தால், அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஒரு நாளில் பல முறை விழும் அளவுக்கு அது பெருகித் திரும்பக் கூடும்.

மோட்டார் சைக்கிள்: மருத்துவர் எழுத்தில் சரி என்று சொல்லும் வரை வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. தோட்டத்துச் செம்மண் சாலைதானே, ஒரு மைல்தானே என்ற சமாதானமும் வேண்டாம். நோய் கட்டுக்குள் வந்தபின், பகல் தூக்கத்தை முடித்துக்கொண்டு குறுகிய தூரம் ஓட்ட அனுமதி பெற்றவர்கள் உண்டு. அந்த நிலை உங்களுக்கும் வரலாம். குவாலியில் எண்ணெய் கொதிக்கும்போது தனியாக நிற்பதும், ஆற்றில் தனியாக இறங்குவதும் அதுவரை வேண்டாம்.

அலுவலகத்தில் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மேலதிகாரி, பக்கத்து மேசையில் இருப்பவர், இந்த இருவர் போதும். மருத்துவர் கடிதத்தோடு போங்கள். கதையாகச் சொல்லாமல், இது மூளையில் ஒரு பொருள் குறைவதால் வரும் நோய், பகலில் இரண்டு முறை இருபது நிமிடம் படுத்தால் மீதி நேரம் முழுதாக வேலை செய்வேன், அந்த நேரத்தைப் பணி முடிந்தபின் ஈடுகட்டிவிடுகிறேன் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவு என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கண் திறந்திருக்கும்போதே மூளையின் ஒரு பகுதி தூங்கிவிடுவதுண்டு. கை எழுதிக்கொண்டே போகும், பிறகு பார்த்தால் வரி சாய்ந்து கிறுக்கலாக இருக்கும், அல்லது ஒரு பட்டியலின் எண் இன்னொன்றில் ஏறியிருக்கும். எனவே சம்பளப் பட்டியல் போன்ற முக்கியமான வேலைகளைத் தூங்கி எழுந்தபின் வரும் முதல் மணி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு அடுக்குவது, ஆலைக்குள் நடந்து போய்ச் சீட்டுகளை வாங்கி வருவது போன்ற, உடலை அசைக்கும் வேலைகளைச் சோர்வான நேரத்துக்கு விடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்ற கேள்விக்கு, அம்மாவின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிச்சயதார்த்தத்துக்கு முன் சொல்லிவிடுங்கள். முதலில் மணமகனிடம், நீங்களே, நேரில். ஒரே வீட்டில் இருக்கப் போகிறவரிடம் இதை ஒரு வாரத்துக்கு மேல் மறைக்க முடியாது. மறைத்தது தெரிந்த பிறகு, நோயைவிட மறைத்ததே பெரிய வழக்காகிவிடும். பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்பார்கள். நார்கோலெப்சி உள்ள ஒருவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறு செய்தியும் உண்டு. விழிப்பைக் கூட்டுவதற்குப் பெரிதும் பயன்படும் மோடாஃபினில் என்னும் மருந்து கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைத்துவிடும். கர்ப்பக் காலத்துக்கும் அது ஏற்றதன்று. நீங்கள் எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. எதுவானாலும், திருமணத் தேதி குறிக்கும்போதே மருத்துவரைப் பார்க்கும் தேதியையும் குறித்துவிடுங்கள்.

கேள்வி: செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறேன், வயது 52. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். மணிக்கு 42 முறை என்று அறிக்கையில் இருக்கிறது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் இயந்திரம் கொடுத்தார்கள். மூன்று இரவு போட்டேன். மூக்கு காய்ந்து, குழாயில் தண்ணீர் கட்டி, முகத்தில் தடம் விழுந்து, மனைவியும் அடுத்த அறைக்குப் போய்விட்டார். இப்போது அலமாரி மேல் இருக்கிறது. இது இல்லாமல் முடியாதா? — சாலாக் சாலை வாசகர்

பதில்: ஐயா, இயந்திரத்தை அலமாரியிலிருந்து இறக்குங்கள். 42 என்பது சிறிய எண் அன்று. பத்து விநாடிக்கு மேல் மூச்சு தடைப்படுவதையும் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 30-க்கு மேல் போனால் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடைக்கும் மூளை உங்களை உலுக்கி எழுப்புகிறது. உங்களுக்கு அது நினைவில் இல்லை, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் நீங்கள் உறங்கவில்லை. இந்த நிலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியில் நான்கு விநாடி கண் அயர்ந்தால், ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று பொருள். கோப்பி ஓ அதைத் தடுக்காது. இயந்திரம் பழகிப் பகல் தூக்கம் அடங்கியது என்று மருத்துவர் சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். அதுவரை எடை மேடையில் அல்லது பட்டறையில் வேலை கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. மூக்கு காய்ந்தால் ஈரப்பதத் தொட்டியைக் கூட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் கட்டினால் அறைக் குளிரில் குழாய் சில்லிடுகிறது என்று பொருள். குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், ஏர்கோன் குளிரைச் சற்றுக் குறையுங்கள். தொட்டியில் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரை ஊற்றி நாள்தோறும் மாற்றுங்கள். முகமூடியின் வார்களை இறுக்கி இறுக்கித்தான் தடம் விழுகிறது. காற்று கசிந்தால் அளவு தவறு, கொடுத்த இடத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தூங்குபவருக்கு மூக்கை மட்டும் மூடும் வகை ஒத்துவராது. முதலில் பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். புகைமூட்டக் காலத்தில் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். மின்சாரம் போன இரவில் ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்தால் நாக்கு பின்னுக்குச் சரியும். பனியனின் முதுகுப்புறத்தில் ஒரு பந்தைத் தைத்துக்கொள்வது பழைய உத்தி. செபாக் தக்ரோ பந்து வேண்டாம், டென்னிஸ் பந்து போதும். படுக்கும் முன் பீர் கூடாது, அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். எடை குறைந்தால் தடையும் குறையும் என்பது உண்மை. ஆனால் அது வரும் வரை காத்திருக்க இயந்திரம்தான் துணை.

1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் இந்த முறையை முதன்முதலில் வெளியிட்டபோது, அதற்கு முன் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதைத் தவிரப் பெரிய வழி இருக்கவில்லை. அதை நினைத்தால் முகத்தில் விழும் தடம் சிறியதாகத் தெரியும். மனைவி அடுத்த அறைக்குப் போனதைப் பற்றி: குறட்டைக்கு இருபது ஆண்டுகள் பொறுத்தவர், இந்த மெல்லிய இரைச்சலுக்கு ஒரு மாதம் பொறுக்க மாட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. வகுப்பில் தூங்குகிறான் என்று தமிழாசிரியர் அழைத்துச் சொன்னார். சோம்பேறித்தனமா, நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே தொடங்குவது? — ஒரு தாய்

பதில்: அம்மா, அடிப்பதற்கு முன் இரண்டு வாரங்கள் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது எழுந்தான், பகலில் எங்கே எப்போது தூங்கினான், கைப்பேசி எந்த நேரம் வரை கையில் இருந்தது. இரவு ஒரு மணி வரை விளையாடி ஐந்தரைக்கு எழுந்தால் எந்தப் பிள்ளையும் வகுப்பில் தூங்குவான். மருந்து அந்தக் கைப்பேசியைப் பத்து மணிக்கு வாங்கி வைப்பதுதான். ஆனால் எட்டரை மணி நேரம் நன்றாகத் தூங்கிய பின்னும் சாப்பிடும்போதும் பேசும்போதும் தூங்கினால், சிரிக்கையில் தாடை தொங்கினால் அல்லது தலை சாய்ந்தால், குறட்டையோடு மூச்சுத் திணறினால், அரசு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). எழுதிய குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டிப் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இரவு முழுவதும் மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். தேவைப்பட்டால் மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக நான்கைந்து தடவை படுக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறான் என்று அளப்பார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, அவற்றுள் இரண்டு முறையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குள் போனால் நார்கோலெப்சியை நினைப்பார்கள். அழைத்துச் சொன்ன அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். பிரம்பை எடுக்காமல் தொலைபேசியை எடுத்தவர் அவர்.

கேள்வி: நான் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். என் பிரிவில் பழக்குலை வெட்டும் ஒருவர், தனக்குத் தூக்க நோய் இருப்பதாகவும் வேலை நேரத்தில் இருபது நிமிடம் படுக்க அனுமதி வேண்டும் என்றும் மருத்துவர் கடிதத்தோடு வந்து நிற்கிறார். இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். நான் என்ன செய்வது?

பதில்: மண்டோர் ஐயா, எல்லோரும் கேட்டால், எல்லோரிடமும் கடிதம் கேளுங்கள். அத்தனை பேர் ஓர் இரவும் ஒரு பகலும் தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டு வரப்போவதில்லை. புகை பிடிக்கவும் வெற்றிலை போடவும் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எடுக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இருபது நிமிடத்துக்கு மேல் வரும் என்பது உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து குலை வெட்டும் வேலை, திடீரென்று தூக்கமோ தசைத் தளர்ச்சியோ வரக்கூடிய ஒருவருக்கு ஆபத்தானது. அவருக்கும், கீழே நிற்பவருக்கும். உதிரிப்பழம் பொறுக்குவது, நாற்றுப் பண்ணை, சாமான் கிடங்கில் பதிவேடு போன்ற வேலைக்கு மாற்றச் சொல்லிப் தோட்ட அலுவலகத்தின் பெரிய கிராணியிடம் நீங்களே பேசுங்கள். குலை வெட்டுபவரின் வருமானம் எடைக்கு ஏற்றது என்பதால், மாற்றும்போது அவர் சம்பளம் எவ்வளவு குறையும் என்பதையும் அதே பேச்சில் தீர்த்துவிடுங்கள். அதை மறைத்து மாற்றினால், அடுத்த முறை யாரும் உங்களிடம் கடிதம் கொண்டு வர மாட்டார்கள். மறைத்துக்கொண்டு அரிவாளோடு நிற்பார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1980-களின் நடுவில், அன்று நான் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டும் ஒருவரை மருந்தகத்துக்கு அழைத்து வந்தார்கள். நிரையின் நடுவே, மங்கில் பால் நிறைந்து வழிய, மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். முதல் முறை அல்ல. சிரித்தால் கால் தடுமாறுவார் என்பதால் சம்சு குடித்தவர் என்று லயத்தில் பேச்சு. அவர் குடிப்பதில்லை என்று அவருடைய மனைவி சொன்னதை யாரும் நம்பவில்லை. நான் காய்ச்சல் பார்த்தேன், இரத்த அழுத்தம் பார்த்தேன், மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. வேலைக்குத் தகுதியுள்ளவர் என்று சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். அன்று அவருக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான், விழுந்தது. அதன் பின் இரண்டு முறை அதே போல நடந்து, மூன்றாம் முறை தோட்டத்தைவிட்டே போய்விட்டார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு இந்த நோயைப் பற்றிப் படித்த அன்று, அந்தச் சீட்டில் நான் எழுதிய எழுத்து அப்படியே கண்முன் வந்தது.

உங்களிடம் மருத்துவர் கடிதம் இருக்கிறது. நாளைக் காலை ஆள் எடுக்கும் பெரட்டு முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, எந்த நேரத்தில் படுக்க வேண்டும், எந்த நிழலில் படுப்பார், இருபது நிமிடம் ஆனதும் யார் எழுப்புவது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.